காலம் கடந்து கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பழைய பிக்கப்: ஓட்டிப் பார்த்தவரையில்

என்னிடம் இருப்பது 3,00,000 கிலோமீட்டரைத் தாண்டிய, நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பிக்கப் டிரக். ஏற்கனவே இன்னொருவர் கையில் ஓடிய வண்டி. இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றியதற்கு ரசீதெல்லாம் இருந்தது, கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆயிலை மாற்றிவிட்டு, சில வருடங்களாகச் சுமை ஏற்றியே ஓட்டிவருகிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

"இத்தனை காலம் மாற்றாத ஆயிலை இனிமேல் தொடாதே, தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும்." இதைச் சொல்லாத ஆளே இல்லை. இதில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயத் தேய அதன் துகள் ஆயிலில் கலக்கும், அந்தத் துகள் கலந்த பழைய ஆயில்தான் தேய்ந்த பிளேட்டுக்குக் கடைசிப் பிடிப்பு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. கியர் சறுக்க ஆரம்பித்த பிறகுதான் பலரும் ஆயிலை மாற்றவே வருகிறார்கள், ஏற்கனவே எரிந்துபோன பிளேட்டைப் புது ஆயில் என்ன செய்யும், வண்டி சீக்கிரமே நின்றுவிடுகிறது, பழி மட்டும் ஆயில் மேல் விழுகிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது சறுக்கல் இருக்கிறதா என்பதைத்தான். மேட்டில் மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் சத்தம் கூடி வண்டி வேகம் கூடவில்லை என்றால் அது சறுக்கல், அப்போது ஆயில் மாற்றுவதற்குச் செலவழிப்பதை நானாக இருந்தால் யோசிப்பேன். என் வண்டியில் அது இல்லை. இருந்தது இரண்டு குறை. முன்னால் நகர லீவரை டி-யில் போட்டால் ஒரு கணம் தயங்கித்தான் கியர் விழும். அப்புறம் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்து ஓட்டும்போது, சொரசொரப்பான ரோட்டில் ஏறியதுபோல வண்டி முழுக்க ஒரு நடுக்கம் வரும். இது பெரும்பாலும், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடிக்கும்போது வருவது. ஆயிலில் உராய்வைச் சீராக வைத்திருக்கும் சேர்மானம் தீர்ந்துபோனால் இப்படித்தான் நடுங்கும், அதாவது புது ஆயிலுக்குக் கட்டுப்படக்கூடிய குறை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பார்த்தேன். புது ஆயிலின் சிவப்பு துளிகூட இல்லை, கரும்பழுப்பு. தீய்ந்த வாடை லேசாக இருந்தது, மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை.

சரி, இறங்கலாம் என்று முடிவு செய்தேன். மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் தள்ளி எடுக்கும் ஃபிளஷ் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். பல வருட அழுக்கு எங்கெங்கோ படிந்து உட்கார்ந்திருக்கும், அது ஒரே நேரத்தில் கிளம்பி ஆயிலை வேண்டிய கியருக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் சின்னத் துவாரங்களில் போய் அடைத்தால் அப்புறம் திண்டாட்டம்தான். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான பேனைக் கழற்றி, வருகிற ஆயிலை மட்டும் வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி மூடுவது போதும்.

பேனில் டிரெயின் போல்ட் கிடையாது. பின்பக்க போல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு முன்பக்கம் இரண்டை மட்டும் தளர்த்தி வைத்தால் பேன் பின்னால் சாய்ந்து ஆயில் ஒரு பக்கமாக வடியும். கறுத்துப்போன ஆயில், கடைசியாக அடியில் கொஞ்சம் சாம்பல் நிறச் சேறு. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், வண்டியின் ஜாதகமே அந்த பேனில்தான் இருக்கிறது. இரும்புத் துகளைப் பிடிக்க பேனுக்குள் வைத்திருக்கும் காந்தத்தின் மேல் மைபோலப் பூசியிருந்ததை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தேன், நெருடவே இல்லை. இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த நைஸான மை இருப்பது இயல்பு. கம்பித் துணுக்கு மாதிரி இரும்போ, பித்தளை நிறத்தில் மினுக்கும் செதிலோ இருந்தால் உள்ளே வாஷரோ புஷ்ஷோ கரைகிறது என்று அர்த்தம், அங்கே ஆயில் மாற்றிப் பயனில்லை.

இன்னொரு இடம் ஃபில்டரின் கழுத்து. பழைய ஃபில்டரை இழுத்தால் அது மட்டும் கையோடு வரும், அதன் ரப்பர் சீல் மேலே துவாரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, துவாரத்தின் சுவரில் கீறல் விழாமல் அதை எடுத்துவிட வேண்டும். புது சீல் நேராக உட்காராவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், ஆயில் மாற்றியதால் கெட்டது என்று சொல்லப்படும் கதைகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். பேன் போல்ட்டுக்கு என் கியர்பாக்ஸில் 11 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, கிட்டத்தட்ட கை இறுக்கம். பலத்தைக் காட்டினால் பேனின் விளிம்பு வளைந்து காலத்துக்கும் ஒழுகும்.

வடிந்த ஆயிலை அளந்து வையுங்கள், அதே அளவு ஊற்றினால் பெரிய தப்பு வராது. என் கியர்பாக்ஸில் மொத்தம் 10 லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும், பேனைக் கழற்றினால் வருவது சுமார் 4.7 லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். அப்படியானால் ஒரு தடவைக்கு 45 சதவீதம்தான் புதுசு. இடையில் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் 70 சதவீதம், மூன்றாவது தடவை 83 சதவீதம் வரும். நான் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன், ஒவ்வொரு தடவையும் காந்தத்தையும் பார்த்தேன், மை குறைந்துகொண்டே வந்தது.

ஆயில் வகையில் மட்டும் விளையாட்டு வேண்டாம். என் வண்டி டெக்ஸ்ரான் 3 என்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்டோமேட்டிக் ஆயில் தரம் இருந்த காலத்தது. அதற்குப் பதிலாக வந்த டெக்ஸ்ரான் 6-ஐப் பழைய டெக்ஸ்ரான் 3 வண்டிகளிலும் ஊற்றலாம், நான் ஊற்றியது அதுதான். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்புவதைவிட உங்கள் கையேட்டில் எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. அளவு பார்ப்பதும் வண்டிக்கு வண்டி மாறும். என்னுடையதில் ஆயில் சூடான பிறகு, எல்லா கியரிலும் ஒரு சுற்று போட்டுவிட்டு, லீவரைப் பார்க்கிங் நிலையில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். கூட ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்க அடித்துவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது.

பலன் என்ன? நடுக்கம் முதல் தடவையிலேயே பாதி குறைந்தது, மூன்றாவதுக்குப் பிறகு சுத்தமாக இல்லை, இதுவரை திரும்பியும் வரவில்லை. டி-யில் விழும் தயக்கம் குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குளிரில் நின்ற வண்டியை எடுக்கும்போது இன்னும் தெரியும். ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் தட்டிக்கொண்டு மாறுவது அப்படியேதான் இருக்கிறது, அது உள்ளே தேய்ந்த பாகம், ஆயிலிடம் எதிர்பார்க்க முடியாது. சுமை இழுக்கும் வண்டி என்பதால் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலரும் மாட்டினேன். சூடுதான் இந்த ஆயிலைத் தின்பது, செலவழித்ததில் எனக்கு மிகவும் திருப்தியான வேலை அதுதான்.

இப்போது 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பேன், ஃபில்டர் இரண்டும் கழற்றுகிறேன். கடைசியாகக் கழற்றியபோது ஆயில் செம்பழுப்பாக, வாடையே இல்லாமல் வந்தது. முன்பக்கப் பம்ப் சீலில் மட்டும் லேசான ஈரம் இருக்கிறது, ஆயில் மாற்றுவதற்கு முன்பே இருந்ததுதான். அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.