முதலில் எதைப் பார்ப்பது: ஏலியன் நேஷனா, பாபிலோன் 5ஆ?

வேற்றுக்கிரகவாசிகள் வரும் ஆங்கிலத் தொடர் ஒன்றை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்ப்பது என்று முடிவானதும், எந்தத் தொடர் என்பதில் எனக்கும் அக்காவின் மகனுக்கும் இழுபறி. அவன் கேட்டது பாபிலோன் 5. நான் சொன்னது ஏலியன் நேஷன். "மாமா, அது ஒரு சீசனோட நிப்பாட்டின தொடர். ஓடாத தொடரை ஏன் பார்ப்பான்?" என்றான். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் மாமன் சொல்தான் வென்றது. இலங்கையில் வன்னிப் பக்கம், விசுவமடுவில் எங்கள் விறாந்தையில் ஏலியன் நேஷன் முழுவதும் ஓடி முடிந்து, இப்போது அவனுடைய பாபிலோன் 5 ஓடுகிறது. எனக்கு அது இரண்டாவது முறை. முதல் முறை பார்த்தபோது ஐந்தாவது சீசனை விட்டுவிட்டேன். இரண்டையும் இப்படி அடுத்தடுத்துப் பார்த்ததில் என் கட்சி இன்னும் பலப்பட்டுவிட்டது. ஆகவே இதை நடுநிலை எழுத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய தொடர் என்றால் வரும் குறைகள் இரண்டிலும் உண்டு. மண்டையில் ஒட்டிய ரப்பர் ரப்பராகவே தெரியும். பாபிலோன் 5 கம்ப்யூட்டரில் வரைந்த விண்கலங்களை நம்பி எடுத்த தொடர். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். இன்றைய பொடியனுக்கு அது பழைய வீடியோ கேம். ஏலியன் நேஷனில் விண்கலமே அரிது. லொஸ் ஏஞ்சல்ஸ் தெரு, ஒரு பொலிஸ் கார், தலையில் முடிக்குப் பதிலாகப் புள்ளி உள்ள வேற்றுக்கிரகவாசிகள், அவ்வளவுதான். அதனால் அது அவ்வளவாகப் பழசாகவில்லை. நீளத்தைக் கேட்டால் ஒன்று 22 அத்தியாயம், மற்றது 110. டேட்டா கார்ட் போட்டு இறக்கிப் பார்க்கிற வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏலியன் நேஷன் முதலில் 1988இல் வந்த ஒரு படம். எழுதியவர் ரொக்னி ஓபானன். அடுத்த ஆண்டு அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் கெனத் ஜோன்சன். 1983இல் 'வி' என்ற குறுந்தொடரைச் செய்த அதே ஆள். படத்தில் துப்பறிதலும் துரத்தலும்தான் பெரிது. ஜோன்சன் அதைத் தொடராக்கும்போது கதையைக் குடும்பத்துக்குள் இழுத்துவிட்டார். 1989 செப்டெம்பரில் பொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1990 மே மாதத்தில் நின்றுபோனது.

கதை இதுதான். அடிமைகளை ஏற்றிவந்த ஒரு கப்பல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் வந்து விழுகிறது. உள்ளே இரண்டரை லட்சம் பேர். எந்தச் சூழலிலும் வேலை செய்யக்கூடிய விதமாக வளர்த்தெடுக்கப்பட்டவர்கள். திரும்பிப் போக வழியில்லை. தனிமைப்படுத்தல் முகாமில் வைத்திருந்து, பிறகு நகரத்துக்குள் விடுகிறார்கள். இதெல்லாம் தொடரின் முன்கதை. தொடர் தொடங்குவது ஐந்து வருடம் கழித்து.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஐந்து வருடம்தான். வேற்றுக்கிரகவாசிகள் வரும் தொடர்களில் பெரும்பாலானவை வருகையில் தொடங்கும், இல்லாவிட்டால் போரில் தொடங்கும். யாராவது வெல்வார்கள், கொடி ஏறும், பெயர்ப் பட்டியல் ஓடும். முகாமை விட்டு வந்தவன் அடுத்த திங்கட்கிழமை எங்கே வேலைக்குப் போனான் என்று அவை கேட்பதில்லை. ஏலியன் நேஷன் கேட்பது அதை மட்டும்தான்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது ஏன் சுடுகிறது என்று விளக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிக்குளத்து மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைபட்ட சனம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். தொடர் எங்களுக்கு இருபது வருடம் முந்தியது, ஆகவே எண் ஒத்துப்போவது தற்செயல். என்றாலும் முதல் அத்தியாயத்தில் அந்த எண் காதில் விழுந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பற்றிய செய்திகளும் இரண்டு இடத்தில் நின்றுவிடுகின்றன: போர் முடிந்த 2009 மே, மெனிக் பாம் மூடிய 2012 செப்டெம்பர். அதற்குப் பிறகு தறப்பாளைக் கழற்றி ஓட்டுக்கு மாறியது, பாழ் கிணற்றை இறைத்தது, காணிப் பத்திரம் தேடி அலைந்தது, பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலில் நின்றது எதுவும் செய்தியில் வராது.

இந்தத் தொடரின் மொத்தக் கதையும் அந்த வராத பகுதிக்குள் நடக்கிறது. ஜோர்ஜ் பிரான்சிஸ்கோ பொலிஸ் துப்பறிவாளர். அவருக்குக் கிடைத்த மனிதத் துணைவர் மட் சைக்ஸ், ஆரம்பத்தில் வேற்றாட்களைக் கண்ணில் காட்டக் கூடாதவர். ஜோர்ஜின் மனைவி சூசன் விளம்பர நிறுவனத்தில் வேலை. மகன் பக், மகள் எமிலி. முதல் அத்தியாயத்திலேயே எமிலி மனிதப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்; வாசலில் எதிர்ப்புக் கூட்டம் நின்று கத்துகிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் போன நாட்களை நினைத்து எழுதியது அது.

அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே குடியேற்றத்தைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை. ஜோர்ஜுக்கு எல்லோரையும் போல இருந்துவிட வேண்டும். விதி எதையும் மீறாத, கொஞ்சம் சலிப்பூட்டுகிற நல்ல மனுசன். பக்குக்கு அப்பாவின் அந்தப் பணிவு பிடிக்காது. தங்கள் இனத்தின் வழக்கங்களை விடக் கூடாது என்று நிற்பான். மூட்ரி என்ற முதிய மாமா பிரார்த்தனையையும் பழைய கதைகளையும் காத்து வைத்திருப்பார். எமிலிக்கு இவை எதுவும் பெரிதில்லை, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி வேண்டும். கொழும்பில் ஒருத்தர், கனடாவில் ஒருத்தர், ஊரில் ஒருத்தர் என்று பிரிந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சண்டை தெரிந்த சண்டைதான்.

சின்ன விவரங்களிலும் கை தேர்ந்த தொடர். இவர்கள் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிடுவார்கள், கடல்தண்ணீர் பட்டால் அமிலம் பட்டது போல உடம்பு வெந்துபோகும், போதை ஏறுவது புளித்த பாலில். (எங்கள் வீட்டில் பால் பெட்டி திறக்கும் காட்சி வந்தாலே யாராவது கள்ளுப் பகிடி விடுவார்கள்.) கருவைப் பெண் ஒரு கட்டம் வரை சுமந்துவிட்டு ஆணுக்கு மாற்றிவிடுவாள். ஜோர்ஜ் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போவதும், கடைசியில் சைக்ஸே பேறு பார்க்க வேண்டி வருவதும் வெறும் பகிடியாகப் போயிருக்கலாம். அப்படிப் போகவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "உவைக்கு இது தேவைதான்" என்றார்; எவைக்கு என்று சொல்லவில்லை.

முகாமில் பதிவு செய்தவர்கள் அலுப்பிலும் குறும்பிலும் இவர்களுக்குப் போட்ட பெயர்கள் இன்னொன்று. பொலிஸ் நிலையத்தைக் கூட்டித் துடைக்கிறவருக்குப் பெயர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். மனிதர்கள் சிரிப்பார்கள், அவர் சிரித்தமுகத்தோடு பேசாமல் போவார். இரண்டு அட்டையில் இரண்டு விதமாகப் பெயர் எழுதப்பட்டு, எது தன் பெயர் என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக ஏறிய அம்மாவுக்கு அந்த மனுசனை நன்றாகப் பிடித்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றிலும் கனமானது மேற்பார்வையாளர்களின் விசயம். அடிமைக் கப்பலில் இதே இனத்திலிருந்து சிலர் மற்றவர்களை அடக்கி ஆண்டார்கள். மணிக்கட்டில் அவர்களுக்கு ஓர் அடையாளம். கப்பல் விழுந்ததும் அவர்களும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டார்கள். இப்போது அதே நகரத்தில், அதே சனத்துக்குள், வேறு பெயரில் இருக்கிறார்கள். மனிதர்களுக்கு எல்லாப் புள்ளித் தலையும் ஒன்றுதான். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. அங்கே நீ என்ன செய்தாய், யாருக்காகச் செய்தாய், வேறு வழியில்லாமல் செய்தாயா என்ற கேள்விகள் பொலிஸ் கதைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலம் விளங்காத அம்மாவுக்கு நான் இடைக்கிடை கதை சொல்ல வேண்டும். கொலைகாரன் யார் என்று அவர் கேட்டதே இல்லை. புதிதாக ஓர் ஆள் திரையில் வந்தால், "இவன் அங்க ஆரோட நிண்டவன்?" என்றுதான் கேட்டார். 'அங்க' என்று அவர் சொன்னது கப்பலை மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

சரி, குறைகள். கொலை வழக்குகள் பெரும்பாலும் சோடையானவை. பாதியிலேயே குற்றவாளி பிடிபட்டுவிடுவார். சில அத்தியாயங்கள் இனவாதம் கூடாது என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் எடுக்கும். பெரிய குறை, முடிவு. அப்போது புதுசாக வளர்ந்துகொண்டிருந்த பொக்ஸ் பணநெருக்கடியில் தொடரை நிறுத்தியது. கடைசி அத்தியாயத்தில் சூசனும் எமிலியும் கிருமித் தொற்றால் உயிருக்குப் போராடும் இடத்தில் கதை அறுந்து நிற்கிறது. அன்று பார்த்தவர்கள் நாலு வருடம் காத்திருந்தார்கள். 1994இல் 'டார்க் ஹொரைசன்' என்ற தொலைக்காட்சிப் படம் அந்த இடத்திலிருந்து கதையை எடுத்தது. 1997 வரை மொத்தம் ஐந்து படங்கள். ஆகவே மருமகன் சொன்ன 'நிப்பாட்டின தொடர்' பாதி உண்மை. இன்று பார்ப்பவருக்கு அந்த நாலு வருடம் ஒரு பென்ட்ரைவில் அடுத்த கோப்பைத் திறக்கும் நேரம்.

இனி பாபிலோன் 5. இதைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு, 110 அத்தியாயங்களில் 92ஐ ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒரே ஆள் எழுதியிருக்கிறார். விண்வெளியில் ஒரு நடுநிலை நிலையம், அங்கே பல இனங்களின் தூதர்கள். நார்ன் இனத்தை முன்பு ஆண்டவர்கள் சென்டோரி. இரண்டாவது சீசன் முடிவதற்குள் நார்ன்களின் சொந்தக் கிரகத்தின் மேல் விண்ணிலிருந்து பாறைகளை எறிந்து அழிக்கிறார்கள்; அதற்குக் காரணமான சென்டோரித் தூதர் லொண்டோ கப்பலின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். அடுத்த அத்தியாயத்தில் மின்தூக்கிக்குள் ஒரு காட்சி. லொண்டோவின் உதவியாளர் வீர், நல்ல மனசுக்காரர், நார்ன் தூதர் ஜி'காரிடம் மன்னிப்புக் கேட்கிறார். ஜி'கார் தன் கையைக் கீறி, விழுகிற ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் ஒரு செத்தவரை எண்ணிவிட்டு, இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்று கேட்கிறார். இதற்கு ஈடான காட்சி ஏலியன் நேஷனில் ஒன்றுகூட இல்லை. இதில் மருமகன் பக்கம்தான் நியாயம்.

ஆனால் குண்டு விழுந்த அந்த ஊரில் ஒரு வீடு எப்படி இருந்தது என்பதை பாபிலோன் 5 காட்டுவதில்லை. எல்லாம் தூதர்கள், தளபதிகள், பேரரசர்கள். துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் போன்ற அத்தியாயங்கள் இடையில் வரும், வந்த வேகத்தில் கதை மறுபடி பேச்சுவார்த்தை மேசைக்கு ஓடிவிடும். ஜி'காரின் வலி பெரியது, அழகாகப் பேசப்படுவது. அவருக்காக வீட்டில் உலை வைக்கிறவர் யார் என்று தெரியாது. அப்புறம் முதல் சீசன் மெதுவாகப் போகும், இரண்டாவதில் நிலையத் தளபதியே மாறிவிடுவார், வசனமெல்லாம் நீண்ட உரைகள். பொலிஸ்காரர் பேசும் நாளாந்த ஆங்கிலத்தைச் சப்டைட்டிலோடு பிடித்துக்கொண்ட அக்காவின் மகள், இங்கே நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள்.

இன்னும் இரண்டு தொடர்களின் பெயரும் வீட்டில் அடிபட்டது, இரண்டுக்கும் பின்னால் ஏலியன் நேஷன் படத்தை எழுதிய அதே ஓபானன். 'பார்ஸ்கேப்' (1999 முதல் 2003 வரை) பொம்மலாட்டப் பொம்மைகளை வைத்துச் செய்த அற்புதம். நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொன்னால், அம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாத பகிடிகள் தாராளம். 'டிபயன்ஸ்' (2013 முதல் 2015 வரை) கதையளவில் எங்களுக்கு இன்னும் கிட்ட: போருக்குப் பின் மனிதரும் வேற்றாட்களும் சேர்ந்து வாழும் சிறு நகரம். பொதுமக்களைக் காப்பாற்ற இரு பக்கத்துச் சிப்பாய்களும் சண்டையை விட்டார்கள் என்பது அந்த நகரத்தின் பெயர்க் கதை. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் துப்பாக்கி கீழே இறங்குவதே குறைவு, முதல் சீசனோடு நான் விட்டுவிட்டேன்.

பார்க்க நினைப்பவர்களுக்கு வரிசை: முதலில் 22 அத்தியாயங்கள், கடைசி அத்தியாயம் முடிந்த கையோடு டார்க் ஹொரைசன், மீதி நாலு படமும் ஆறுதலாக. பாபிலோன் 5 பக்கம் சாய்கிறவர்கள் முதல் சீசனைப் பொறுத்துக்கொண்டால் போதும், இரண்டாவதில் அது தானே இழுத்துக்கொண்டு போகும். 1988 படத்தை மட்டும் முதலில் போட வேண்டாம். அதில் ஜோர்ஜின் பாத்திரத்துக்குச் சாம் பிரான்சிஸ்கோ என்று பெயர், நடிகரும் வேறு. கதை கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கு விளங்கப்படுத்தியே பொழுது போய்விடும்.