சோஷ்ஆர்க்கைவ்: சமூகவியல் ஆய்வுகளைக் கட்டணமின்றி வாசிக்க ஒரு களஞ்சியம்

முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியபோதுதான் சோஷ்ஆர்க்கைவ் என்னும் இணையக் களஞ்சியத்தின் அருமை எனக்கு முழுமையாகப் புரிந்தது. தனியார் நிறுவனங்களில் பெண்களுக்குப் பதவி உயர்வு எப்படிக் கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். தமக்குத் தேவையான கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் முழுக் கட்டுரையையும் திறப்பதற்கு அந்த ஆய்விதழின் பதிப்பகம் டாலரில் கேட்ட தொகை, விடுதியில் அவருடைய ஒரு மாத உணவுச் செலவை நெருங்கியது. அதே கட்டுரையின் இறுதி வரைவை ஆசிரியரே சோஷ்ஆர்க்கைவில் வைத்திருந்தார். அன்று மாலையே மாணவி அதை வாசித்து முடித்து, மறுநாள் காலையில் என்னிடம் கேள்விகளோடு வந்து நின்றார். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

இந்திய அரசு ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு இத்தகைய களஞ்சியங்களுக்குத் தேவை என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 நிறுவனங்களில் உள்ளவர்கள் வாசிக்க அது வழி செய்கிறது. அது மிக நல்ல ஏற்பாடுதான். எனினும் ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு உரியதாகவே அது வகுக்கப்பட்டது. என்னைப் போல் சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துபவர், தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்பவர், பட்டம் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் ஆய்வாளர், நாளிதழில் சமூகச் செய்தி எழுதுபவர் ஆகியோருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. சோஷ்ஆர்க்கைவ் இவர்களிடம் நிறுவன அடையாளம் எதையும் கேட்பதில்லை. வாசிக்கவும் கட்டணம் இல்லை, கட்டுரையைச் சேர்க்கவும் கட்டணம் இல்லை.

இயற்பியலாளர்கள் 1991 முதல் தங்கள் கட்டுரைகளை அச்சேறுவதற்கு முன்பே பகிர்ந்துவரும் ஆர்க்கைவ் என்ற களஞ்சியத்தை ஒட்டித்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். 2016 மே மாதம், சமூக அறிவியல் கட்டுரைகளின் பெரிய இருப்பிடமாக இருந்த எஸ்எஸ்ஆர்என் தளத்தை எல்சேவியர் பதிப்பகம் விலைக்கு வாங்கியது. ஆய்வாளர்கள் தாங்களே கூடிச் சேர்த்த செல்வம் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போகிறதே என்ற கவலை பரவிய அந்த நாட்களில், மேரிலாந்து பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹன் முன்னின்று சோஷ்ஆர்க்கைவைத் தொடங்கினார். வர்ஜீனியா மாநிலத்தில் இயங்கும் திறந்த அறிவியல் மையம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் ஓஎஸ்எஃப் தளத்தின் மேல் இது கட்டப்பட்டுள்ளது.

இனிப் பயன்படுத்தும் விதத்துக்கு வருகிறேன். சமூகவியல் மட்டுமன்றிச் சட்டம், கல்வி, மானிடவியல், அரசியல் அறிவியல் எனப் பல துறைகளின் கட்டுரைகளும் இங்கே உள்ளன. ஒரு கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் நடுவில் பிடிஎஃப் வடிவில் கட்டுரை தெரியும். பக்கத்தில் சுருக்கம், டிஓஐ எண் (கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்), உரிம விவரம், பதிவிறக்கங்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். இவற்றைவிட முக்கியமானவையாக நான் கருதுபவை மூன்று. முதலாவது, ஆசிரியர் கட்டுரையைத் திருத்தும்போது பழைய பதிப்பு அழிந்துவிடாமல் புதிய பதிப்போடு சேர்ந்தே நிற்பது. 2019-இல் துணிந்து எழுதிய ஒரு முடிவை 2021-இல் ஆசிரியர் தணித்து எழுதியிருந்தால் அந்த மாற்றத்தை நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, தரவும் கணக்கீட்டுக் குறிநிரலும் எங்கே கிடைக்கும், ஆசிரியருக்கு இதில் சொந்த நலன் ஏதும் உண்டா என்பவற்றை ஆசிரியர் வாயாலேயே சொல்ல வைக்கும் பகுதி. மூன்றாவது, கட்டுரை பின்னர் ஆய்விதழில் வெளிவந்தால் அந்த இறுதி வடிவத்துக்கான இணைப்பு. என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மூன்றையும்தான். சுருக்கத்தை அதற்குப் பிறகு வாசித்தால் போதும் என்பேன்.

ஒரு கட்டுரை இந்தக் களஞ்சியத்தின் வழியே எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்குக் கோஹன் எழுதிய மணமுறிவு ஆய்வே நல்ல சான்று. அமெரிக்காவில் மணமுறிவு வீதம் 2008-க்கும் 2016-க்கும் இடையில் 18 சதவீதம் குறைந்ததாகவும், மக்களின் சராசரி வயது கூடியதைக் கணக்கில் கொண்டால் அந்தக் குறைவு 8 சதவீதம் என்றும் அவர் காட்டினார். புதிதாக மணம் புரியும் பெண்கள் முந்தைய தலைமுறையினரைவிட வயதில் மூத்தவர்களாகவும் கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருப்பதால் இந்தச் சரிவு தொடரும் என்பது அவருடைய வாதம். மணவாழ்வு எல்லோருக்கும் உறுதிப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. படிப்பும் வருமானமும் உள்ளவர்களே பெரும்பாலும் மணம் செய்துகொள்ளும் சமூகமாக அமெரிக்கா மாறிவருகிறது என்பதே இதன் உட்பொருள். 2018 செப்டம்பரில் இது முன்பதிப்பாகவே, அதாவது சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவிலேயே, செய்தித்தாள்களில் பரவலாகப் பேசப்பட்டது. சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடந்து சோசியஸ் ஆய்விதழில் வெளிவந்தது 2019-இல்தான். 18 என்ற எண் தலைப்பில் ஏறிய அளவுக்கு 8 என்ற எண் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுக் கட்டுரையும் யார் வேண்டுமானாலும் திறக்கும் இடத்தில் இருந்ததால்தான், தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் உள்ளே சென்று இரண்டு எண்களையும் பார்க்க முடிந்தது.

இந்தச் சேவையின் பலவீனமும் இதே திறந்த தன்மையிலிருந்துதான் பிறக்கிறது. சோஷ்ஆர்க்கைவில் ஒரு கட்டுரை இருக்கிறது என்பதற்கு அது சரியானது என்று பொருளில்லை. இங்குள்ள நெறியாளர்கள், வந்திருப்பது ஆய்வுக் கட்டுரைதானா, துறைக்கு உட்பட்டதா, ஆசிரியர் பெயர்கள் முறையாக உள்ளனவா, வெளியிடும் உரிமை அவர்களுக்கு உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். ஆய்வு முறையையோ முடிவையோ அவர்கள் எடைபோடுவதில்லை. வாசகர் இதை மறந்தால் என்ன நேரும் என்பதை மெக்சிகோ நகரத்து நிகழ்வு காட்டியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொதுக் கொள்கை படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு அது.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2020 டிசம்பர் இறுதியிலிருந்து, மெக்சிகோ நகர அரசு தொற்று உறுதியானவர்களுக்கு வழங்கிய மருந்துப் பெட்டியில் ஐவர்மெக்டின் மாத்திரையையும் வைத்துக் கொடுத்தது. ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிராகப் பயன்படும் அந்த மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அப்போது உறுதியான சான்று இல்லை. பெட்டி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, மருத்துவமனையில் சேர வேண்டிய வாய்ப்பு 52 முதல் 76 சதவீதம் வரை குறைந்தது என்று கூறும் கட்டுரை ஒன்று 2021 மே மாதம் சோஷ்ஆர்க்கைவில் ஏறியது. அதை எழுதியவர்களுள் அந்த நகர அரசின் அதிகாரிகளே இருந்தனர். கொள்கையை வகுத்தவர்களே அதன் வெற்றியை அளந்து, மதிப்பீடு எதையும் கடக்காத நிலையில் உலகத்தின் முன் வைத்தார்கள்; அந்த மருந்தை ஆதரித்தவர்கள் பல நாடுகளில் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள்.

எதிர்ப்புகள் வந்தன. மாத்திரையை வாங்கிச் சென்ற நோயாளிகளிடம் அவர்கள் ஓர் ஆய்வின் பகுதியாகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஒப்புதலும் பெறவில்லை என்பது அவற்றுள் மிகக் கனமானது. 2022 பிப்ரவரியில் சோஷ்ஆர்க்கைவ் அந்தக் கட்டுரையை நீக்கியது. ஆசிரியர்கள் கேட்காமலே, தன் சொந்த முடிவின்படி அது ஒரு கட்டுரையை விலக்கியது அதுவே முதல் முறை. நீக்கியதற்கான காரணங்களை அது வெளிப்படையாக எழுதியது. பழைய இணைப்பைத் தேடி வருபவர் வெற்றுப் பக்கத்தைக் காணாமல், விலக்கப்பட்டது என்ற குறிப்பைக் காண்கிறார். தவறு நேர்ந்ததை மறைக்காத இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அந்தக் கட்டுரை அங்கே இருந்தது என்ற உண்மையும் என்னை உறுத்துகிறது. உடல்நலம் தொடர்பான கட்டுரைகள் சமூகவியல் களஞ்சியத்துக்கு வரும்போது அவற்றுக்குக் கூடுதல் சோதனை வேண்டும் என்றே கருதுகிறேன்.

அப்படியானால் ஆய்விதழில் அச்சேறியதை மட்டும் வாசித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இதே தளத்தில் இயங்கும் மெட்டாஆர்க்கைவ் என்ற உறவுக் களஞ்சியத்தில் முன்பதிப்பாக வந்து, பின்னர் 2022-இல் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். குடியேற்றம் கூடினால் சமூகநலத் திட்டங்களுக்கு மக்கள் தரும் ஆதரவு குறைகிறதா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவையும் 73 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 161 ஆய்வாளர்கள் சேர்ந்து 1,253 கணக்கீட்டு மாதிரிகளை உருவாக்கினார்கள். அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆதரவு குறைகிறது என்றது. 17 சதவீதம் கூடுகிறது என்றது. பாதிக்கும் மேற்பட்டவை தெளிவாக எதையும் சொல்லவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் திறமையற்றவர்களும் அல்லர். எந்த மாறியைச் சேர்ப்பது, எந்த நாட்டை விடுவது என்ற சிறு சிறு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விடையை வேறு வேறு திசைகளில் கொண்டுபோயின. இதைப் படித்த பிறகு, தரவையும் குறிநிரலையும் கட்டுரைக்குப் பக்கத்திலேயே வைக்க வழி தரும் களஞ்சியத்தை நான் இரண்டாம் தர வசதியாக எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குறைகள் இன்னும் சில உண்டு. அமெரிக்க, ஐரோப்பியச் சமூகங்களைப் பற்றிய கட்டுரைகள் நிறைந்திருக்கும் இடத்தில் இந்தியாவைப் பற்றியவை மெலிந்தே காணப்படுகின்றன. வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதி எவ்வாறு குறுக்கிடுகிறது என்று கேட்கும் மாணவருக்கு நான் இன்னும் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வையே முதலில் கொடுக்கிறேன். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பி, ஒரே தகுதி இருந்தும் தலித் பெயருக்கும் இஸ்லாமியப் பெயருக்கும் அழைப்பு குறைவதை அவர்கள் காட்டினார்கள். அதற்கு இணையான புதிய இந்திய ஆய்வுகளை இக்களஞ்சியத்தில் தேடும்போது பட்டியல் விரைவில் முடிந்துவிடுகிறது. இதற்குக் களஞ்சியத்தைக் குறைசொல்ல இயலாது; நம் ஊர் ஆய்வாளர்கள் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதே காரணம் என்று நினைக்கிறேன்.

நீடித்து நிற்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. திறந்த அறிவியல் மையம் தன் தளத்தில் இயங்கும் களஞ்சியங்களிடம் ஆண்டுக் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது, இந்தோனேசிய ஆய்வாளர்கள் வளர்த்த ஐஎன்ஏ-ஆர்க்சிவ் அதைத் தாங்க முடியாமல் 2020-இல் நெருக்கடிக்கு உள்ளானது. வாசகருக்கு இலவசமாக வரும் சேவைக்கும் எங்கோ யாரோ செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே எனக்கு முக்கியமான கட்டுரைகளின் பிடிஎஃப் நகல்களைப் பதிப்பு எண்ணோடு என் கணினியில் சேமித்து வைக்கிறேன். மாணவர்களையும் அப்படிச் செய்யச் சொல்கிறேன்.

சமூகவியலில் அடிப்படைப் பயிற்சி பெற்ற எவருக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முறையியல் இன்னும் படிக்காத இளங்கலை முதலாண்டு மாணவரைத் தனியாக இங்கே அனுப்ப மாட்டேன். பக்கத்தில் அமர்ந்து ஒரு கட்டுரையின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டிய பிறகே அனுப்புவேன். செய்தியாளர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: இங்கிருந்து ஓர் எண்ணை எடுத்து எழுதும்போது, அது இன்னும் மதிப்பிடப்படாத முன்பதிப்பு என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

என் மாணவி ஆய்வேட்டை முடித்துவிட்டார். ஆங்கிலத்தில் அதன் சுருக்க வடிவம் ஒன்றை எழுதி, பெயர் மறைத்த நேர்காணல் அட்டவணையோடு சோஷ்ஆர்க்கைவில் சேர்ப்பதற்கு இப்போது இருவரும் அமர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.