லூட்டா, வயலினா, கிட்டாரா? பழைய நடனங்களுக்கு எதை எடுப்பது

எங்கள் குழு ஆடுவது 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய, பிரெஞ்சு சமூக நடனங்கள். பவான், காலியார்ட், இத்தாலியப் பாலெட்டோ, இப்படி. ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு ஆடி அலுத்த பிறகு, யாராவது ஒருவர் வாத்தியம் கற்றுக்கொண்டு வாசிப்பது என்று முடிவாயிற்று. அந்த வேலை என் தலையில் விழுந்தது. வாடகைக்குக் கிடைத்தவை மூன்று: லூட் (பேரிக்காயைப் பிளந்தது போன்ற உடலும் ஜோடி ஜோடியான தந்திகளும் கொண்டு, விரலால் மீட்டும் பழைய ஐரோப்பிய வாத்தியம்), வயலின், ஐந்து ஜோடித் தந்தி கொண்ட பரோக் கிட்டார். நான் எடுத்தது லூட். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கமே சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. லூட் மெல்லிய வாத்தியம், அவ்வளவுதான். அந்தக் காலத்திலேயே வாத்தியங்களை உரத்தவை, மெல்லியவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பெரிய மண்டபத்துக்கும் வெட்டவெளிக்கும் சீவாளி வைத்து ஊதும் ஷாம், கூடவே டிராம்போனின் முன்னோடியான சாக்பட். 1589-இல் வெளிவந்த நடன நூலில் பிரெஞ்சுக்காரரான ஆர்போ, எளிய தொழிலாளிகூடத் தன் கல்யாணத்துக்கு இந்த ஊதுவாத்தியங்கள் வேண்டும் என்று கேட்கிறான் என எழுதுகிறார். அறைக்குள் ஆடும் சிறு கூட்டத்துக்கு லூட் போதும். அதற்காக அது ஏதோ ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1581-இல் நடந்த ஜுவாயோஸ் பிரபுவின் திருமணத்தைக் காட்டும் ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரான்ஸ் அரசவையே திரண்டு நிற்கும் அந்த நடனத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் லூட் வாசிப்பவர்கள்தான்.

வயலினுக்கு வருவோம். நடனத்துக்கென்றே வளர்ந்த வாத்தியம் என்றால் அது இதுதான். 1556-இல் லியோனில் அச்சான தன் நூலில் பிரெஞ்சு இசைக்காரர் ஜாம்ப் தெ ஃபேர் அதற்குக் காரணமும் சொல்கிறார்: தந்திகள் பஞ்சம இடைவெளியில் இருப்பதால் சுதி சேர்ப்பது எளிது, தூக்கிக்கொண்டு போவதும் எளிது, கல்யாண ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கலாம். வில்லின் ஒவ்வொரு இழுப்பும் காலுக்கு ஒரு தட்டுக் கொடுக்கிறது. பிற்கால நடன ஆசிரியர்கள் கோட்டுப் பைக்குள் அடங்கும் குட்டி வயலின் ஒன்றை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியது சும்மா இல்லை. குறை ஒன்றே ஒன்று. ஒற்றை வயலின் மெட்டை மட்டும்தான் தரும். கீழ்க்குரலும் சுரக்கூட்டும் வேண்டுமென்றால் இன்னும் மூன்று நான்கு பேர் வேண்டும். எங்களிடம் ஒரு ஆள்தான் இருந்தார், அதாவது நான்.

கிட்டார் வேறு ரகம். 1606-இல் இத்தாலிய இசைக்காரர் மோண்டெசார்டோ ஃபிளாரன்ஸில் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு கார்டுக்கும் (சுரக்கூட்டுக்கும்) ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டார். எழுத்தைப் பார், கையை வை, தட்டு. 1611-இல் கோவாருபியாஸ் தன் ஸ்பானிய அகராதியில் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்: கிட்டார் வெறும் மாட்டு மணிதானாம், குதிரைலாயப் பையன்கூட அதில் வித்வான் ஆகிவிடுகிறானாம். அவருக்கு அது குறை, ஆட வருகிறவருக்கு அதுவே நிறை. சரபாண்ட், சக்கோனா என்ற ஸ்பானிய நடனங்களைக் கிட்டார் தட்டும்போது கால் தானாகத் துள்ளும். ஆனால் நான் கிட்டாரை இரவல் வாங்கிச் சில மாலைகள் தட்டிப் பார்த்ததோடு சரி. பழகியவர்கள் கையில் அது இன்னும் நிறையப் பேசும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி, என்னை லூட் பக்கம் தள்ளிய விஷயம். சத்தமோ நாதமோ அல்ல, ஏடு.

நடனப் படிகளை விரிவாக எழுதிய இத்தாலிய ஆசான்கள் இருவர்: 1581-இல் ‘இல் பல்லரினோ’வும் 1600-இல் ‘நோபில்டா தி தாமே’வும் வெளியிட்ட கரோஸோ, 1602-இல் மிலானில் ‘லெ கிராட்சியே தமோரே’ வெளியிட்ட நெக்ரி. இருவருமே நடனங்களுக்கான இசையை லூட் டாப்லச்சரில் அச்சிட்டார்கள். ஆறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். எந்தத் தந்தியை எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டில்) அழுத்துவது என்று எண் சொல்லும், காலஅளவை மேலே உள்ள குறி சொல்லும். சில நடனங்களுக்கு மேல்குரல் தனியாகவும் உண்டு. ஆனால் சுரக்கூட்டோடு முழு இசையும் இருப்பது லூட்டுக்குத்தான். வயலின் கூட்டத்தார் பெரும்பாலும் காதால் கற்று, மனப்பாடமாக வாசித்தவர்கள். அவர்கள் வாசித்ததில் ஏட்டில் ஏறியது கொஞ்சம்.

இது ஏதோ ஆய்வாளர்களின் கவலை என்று தோன்றலாம். ஆடிப் பார்த்தால்தான் தெரியும். கரோஸோவின் ஒரு நடனத்தை எடுத்தால் முதலில் படிகளின் விளக்கம்: ரிவெரென்சா, இரண்டு கொண்டினென்சா, பிறகு ஒரு ரிப்ரேசா என்று நீண்டுகொண்டே போகும். ரிப்ரேசாவுக்கு எத்தனை அடி எடுத்துக்கொள்வது என்று குழுவில் சண்டை வரும். அப்போது டாப்லச்சரைப் பார்க்கிறோம். பகுதியின் தட்டுகளை எண்ணுகிறோம், எத்தனை முறை திருப்பி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பைப் பார்க்கிறோம், படிகளை அதற்குள் அடுக்கிப் பார்க்கிறோம். பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும். எல்லா நடனத்திலும் கணக்கு நேராக வந்துவிடாது, சிலவற்றில் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொன்று, ஒரே மெட்டு நடை மாறும் இடம். இந்தப் பாலெட்டோக்களில் இரட்டை நடையில் நிதானமாகப் போன இசை, அடுத்த பகுதியில் அதே சுரக்கூட்டோடு மூன்று நடைக்குத் தாவும். இது கரோஸோ கண்டுபிடித்ததல்ல. 1508-இல் பெட்ருச்சி அச்சிட்ட டால்சாவின் லூட் நூலிலேயே பவான், சால்டரெல்லோ, பீவா என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் வரிசை இருக்கிறது. கீழ்த்தந்தியைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டைப் பிடிக்க, நடை மாறும் இடத்தை ஒரே ஆள் முடிவு செய்வதால் தடுமாற்றமே இல்லை. காலியார்டில் இதன் அருமை இன்னும் தெரியும். அதில் ஆறு தட்டுக்கு ஐந்து படி. ஐந்தாவது தட்டில் துள்ளி, ஆறாவதில் இறங்க வேண்டும். உயரமாகத் துள்ளுகிறவர் இறங்க ஒரு நொடி கூடுதலாகக் கேட்பார். அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே ஆறாவது தட்டைப் போடுவேன். ஸ்பீக்கரில் அது நடக்கவே நடக்காது.

பராமரிப்பில் லூட் தோற்றுவிடும், மறைக்க ஒன்றுமில்லை. ஆறு ஜோடி லூட்டில் வழக்கமாகப் பதினொரு தந்திகள். ஃப்ரெட்டுகளும் கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புதான், அவையும் தளரும். ஆட்கள் ஆடத் தொடங்கி அறை சூடேறினால் சுதி நகர ஆரம்பிக்கும். எண்பது வயது லூட்காரர் அறுபது வருஷத்தைச் சுதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று 1713-இல் ஜெர்மானிய இசை எழுத்தாளர் மத்தேஸோன் கேலி செய்தார். பாரிஸில் லூட் வைத்துக்கொள்வதும் குதிரை வைத்துக்கொள்வதும் ஒரே செலவு என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1676-இல் ஆங்கிலேய லூட்காரர் தாமஸ் மேஸ், தினமும் படுத்துறங்கும் கட்டிலில் கம்பளிக்குக் கீழே லூட்டைப் பகலில் வைக்கச் சொல்கிறார், ஈரம் அண்டாதாம். நான் செயற்கை நரம்புக்கு மாறிவிட்டேன். அதனால் நாதம் கொஞ்சம் குறையும், ஆனால் இரண்டு பாலெட்டோவுக்கு நடுவே பிருடையைத் திருகிக்கொண்டு எல்லோரையும் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

ஆக, நான்கைந்து ஜோடிகள், ஒரு அறை, ஒரே வாசிப்பாளர், இத்தாலிய நூல்களைப் பார்த்து ஆடும் ஆசை என்றால் லூட். மூன்று நான்கு வாசிப்பாளர்கள் கிடைக்கும் குழுவுக்கு வயலின். 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நடனங்களின் பக்கம் மனம் போனால் கிட்டார். கோடையில் சந்தைத் திடலில் ஆடும்போது நாங்களும் தெரிந்த வயலின்காரர் ஒருவரையும் அவர் நண்பர்களையும்தான் கூப்பிடுகிறோம். அவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கரோஸோவின் இசையைச் சாதாரண ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில், நாலு குரலாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த எண்களை வைத்து அவருக்கு வாசிக்க வராது.