போலோவில் லோயரிங் ஸ்பிரிங்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

என் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில், காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டு சில வருடங்கள் ஆகின்றன. முன் டயர் ஒரு ஜோடி தேய்ந்து மாற்றியாகிவிட்டது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றியாகிவிட்டது. புதிதாக ஸ்பிரிங் தேடும் நண்பர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: பின்சீட்டில் வழக்கமாக எத்தனை பேர் உட்காருவார்கள், இப்போதிருக்கும் ஷாக் எவ்வளவு ஓடியது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஸ்பிரிங் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

காரணம் இதுதான். காரை 30 மி.மீ. இறக்கினால், மேடு பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு குறைகிறது. அந்த இடம் தீர்ந்ததும் ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். லோயரிங் ஸ்பிரிங் கடினமாக இருப்பதன் முக்கிய நோக்கமே அப்படி இடிக்க விடாமல் இருப்பது. கம்பியின் தடிமன்தான் இதில் பெரிய ஆள்: ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனால் விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பிரிங் ஓட்டும்போது வேறு வேறு கார் மாதிரி தெரிவது இதனால்தான்.

கட்டமைப்பில் இரண்டு வகை உண்டு. லீனியர் என்றால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே விறைப்பு. புரோகிரசிவ் வகையில் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். பாரம் ஏற ஏற அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மிச்சமிருக்கும் சுருள்கள் கடினமாக வேலை செய்யும். நகரத்தில் மெதுவாகப் போகும்போது மென்மை, ஐந்து பேர் ஏறினால் தாங்கும் தெம்பு. குடும்பக் காருக்கு முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் புரோகிரசிவ் வகையைத்தான் சொல்வேன். நான் போட்டிருப்பதும் அதுவே, மிதமாக இறக்கும் ரகம். ஜெர்மனியின் ஐபாக் நிறுவனத்தில் ப்ரோ-கிட் மிதமானது, ஸ்போர்ட்லைன் அதிகம் இறக்குவது. மற்ற நல்ல நிறுவனங்களிலும் இப்படி இரண்டு படிகள் இருக்கும். முதல் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே போலோ வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புனே அருகே சாக்கன் ஆலையில் 2022 வரை தயாரான நம்ம ஊர் போலோ, நம் சாலைகளுக்காக ஐரோப்பியக் காரைவிட உயர்த்திக் கொடுக்கப்பட்டது. தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. ஐரோப்பியக் காருக்காகச் செய்த ஸ்பிரிங்கின் பெட்டியில் "30" என்று போட்டிருந்தால், அது அங்கத்திய உயரத்திலிருந்து கணக்கு. நம் காரில் அதைவிட அதிகமாகவே இறங்கும். அதனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், அதே ஸ்பிரிங்கை இங்கே மாட்டிய ஒரு காரைத் தேடிப் பிடித்து, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும்.

அச்சு எடையையும், அதாவது முன், பின் சக்கர ஜோடி ஒவ்வொன்றின் மேலும் விழும் பாரத்தையும் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் முன், பின் அச்சு இத்தனை கிலோ வரை என்று கொடுத்திருப்பார்கள். டீசல் போலோவின் முன்பக்கம் பெட்ரோலைவிடக் கனம். "போலோ ஸ்பிரிங்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் டீசலுக்கானதைப் பெட்ரோலில் மாட்டி, மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும்.

மாட்டிய அன்று கோவையில் எங்கள் மெக்கானிக் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாருக்கும் சொல்லிவருகிறேன். "லோயர் ஆர்ம் போல்ட்டைத் தூக்கி வச்சு டைட் பண்ணக் கூடாதுங்ணா, கார் தரையில நிக்கறப்பதான் பண்ணணும்" என்றார். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க் கை. சக்கரம் தொங்கும்போது முடுக்கினால் அதன் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் கீழே இறங்கியதும் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமானதை மாற்றிவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் கூலி இரண்டு முறை. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி சரியாக இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் வீல் அலைன்மென்ட். மாட்டிய உடனே ஒரு முறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை. கார் இறங்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது, முன் சக்கரம் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்கிறது (இந்தச் சாய்வுதான் கேம்பர்). டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் டோதான். போலோவில் முன்பக்க டோவை எளிதாகச் சரிசெய்யலாம். கேம்பருக்கு அவ்வளவு இடம் இல்லை, பின்பக்கம் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் டார்ஷன் பீம் என்பதால் அங்கே இன்னும் குறைவு. மிதமான இறக்கத்தோடு நிறுத்த இதுவும் ஒரு காரணம். என் முன் டயர்கள் சீராகவே தேய்ந்தன.

ஓட்டும் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தது ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில். அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் சாய்ந்து நிலைக்கு வர ஒரு கணம் ஆகும். இப்போது அந்தத் தாமதம் இல்லை. ஓட்டக் கை ஆசைப்படுகிறது. ஆனால் இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். போலோவின் முன்பக்கம் இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாயும். ரோல் சென்டர், அதாவது வளைவில் பாடி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதைவிட வேகமாகக் கீழே போய்விடும். பாடியைச் சாய்க்கும் நெம்புவிசை கூடுவதால், ஸ்பிரிங் கடினமாகியும் சாய்வு எதிர்பார்த்த அளவு குறையாது.

வேகத்தடைதான் எல்லாரும் பயப்படுவது. சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸின் அளவுப்படி கட்டிய தடை, கார் போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 2.47 மீட்டர். கணக்குப் போட்டால், காரின் நடு வயிற்றுக்குக் கீழே அந்த வளைவு எடுத்துக்கொள்வது 45 மி.மீ. மட்டும். இறக்கிய காரும் நிம்மதியாகத் தாண்டும். பிரச்சினை, தெருக்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் குறுகிய உயரமான மேடுகள். அதன் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வரும். இருவர் போகும்போது எனக்கு எங்கேயும் தட்டியதில்லை. ஐந்து பேரும் சாமானும் இருந்தால் அப்படிப்பட்ட தெருக்களில் குறுக்காக, ஊர்ந்துதான் ஏறுகிறேன்.

பின்சீட்டில் அம்மா உட்கார்ந்தால் பழைய மென்மை இல்லை என்பது உண்மை. சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட சாலையில் அவருக்கு அது தெரிகிறது. நாள்பட அது அதிகமானபோது பழி ஸ்பிரிங்கின் மேல் இல்லை, கம்பெனி ஷாக்கின் மேல்தான் இருந்தது. கடினமான ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தை அடக்க அதற்குப் போதுமான பலம் இல்லை. ஏற்கெனவே ஓடிய ஷாக் என்றால் இன்னும் சீக்கிரம் ஓயும். மேடு தாண்டியபின் பின்பக்கம் இரண்டாவது முறை துள்ளினால் அதுதான் அடையாளம். புதிய ஷாக் போட்டதும் அதே ஸ்பிரிங்கில் அம்மாவின் குறை பெரும்பாலும் நின்றது. அதனால் ஸ்பிரிங் விலையை மட்டும் பட்ஜெட் போடாதீர்கள். ஷாக்குக்கும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டைன் நிறுவனத்தில் பி6 கம்பெனி ஸ்பிரிங் உயரத்துக்கு, பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்காகக் குறுக்கியது.

பணம் மிச்சம் என்று பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாரன்டி மிச்சமிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போது வாங்குபவர் பழைய உயரம்தான் வேண்டும் என்றால் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்துவிடலாம்.