முதுகுவலிக்கு ஊரில் கிடைத்த வைத்தியம்

சிகாகோவிலிருந்து இந்த முறை கோவில்பட்டிக்குப் போனது அம்மாவின் முதுகுவலிக்காக. விடுமுறையில் போய்ப் பெற்றோரை டாக்டரிடம் கூட்டிப்போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால், பார்த்ததை எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கத் திருநெல்வேலி போனோம். காலையில் போன் செய்தோம், மதியம் எடுத்தார்கள், மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் எனக்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆனது. இதில் ஊரை அடித்துக்கொள்ள முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எலும்பு டாக்டர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு, "டிஸ்க் தேஞ்சு போச்சும்மா, இனிமே குனியவே கூடாது" என்றார். இடுப்புக்கு பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்ஷன், மாத்திரை எழுதிக்கொடுத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அன்றோடு அம்மா வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினார். தரையில் உட்காரப் பயம், தெருவில் நடக்கப் பயம்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது. எழுபது வயதைத் தாண்டியவருக்கு அது தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெல்ட்டையும் டிராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் உடற்பயிற்சியையும்தான் முன்னே வைக்கிறது. அம்மாவிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

முதுகுவலி எனக்கும் உண்டு. எனக்கு இதைச் சொன்னது ஒரு வி.ஆர். ஹெட்செட், அதாவது கண்ணில் மாட்டிக்கொண்டால் காட்சிக்குள்ளேயே நாம் இருப்பதுபோலக் காட்டும் கருவி. நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கான, அப்போது ஈஸ்விஆர்எக்ஸ் எனப்பட்ட அந்தச் சாதனத்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 நவம்பரில் அனுமதி தந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். எட்டு வாரம், தினம் ஒரு பாடம், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். நாம் விடும் மூச்சை ஹெட்செட்டின் மைக்குக்குத் திருப்பிவிட ஒரு துணைக்கருவியும் உண்டு. மூச்சுப் பயிற்சிக்கு அது உதவுகிறது. எனக்கு அதிகம் பயன்பட்டது வலியைப் பற்றிய பாடங்கள்தான். மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, உள்ளே எவ்வளவு சேதம் என்பதற்குச் சரியான அளவுகோல் அல்ல. ஆபத்து இல்லாதபோதும் நரம்பும் மூளையும் எச்சரித்துக்கொண்டே இருக்கப் பழகிவிடுகின்றன. பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டுகின்றன. 179 பேரை வைத்து நடந்த சோதனையில், இதைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இந்தப் பயிற்சிகள் இல்லாத வேறு காட்சிகளைப் பார்த்தவர்களில் அது 41 சதவீதம். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

என் ஹெட்செட் ஆங்கிலம் பேசுகிறது, அம்மாவுக்கு ஆகாது. ஆனால் அந்தப் பாடத்தை ஊரிலேயே ஒருவர் நடத்தினார். வீடு தேடி வந்து சிகிச்சை தரும் தமிழக அரசின் திட்டம், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அதில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்துபோகிறார். சின்னப் பெண். அம்மா தயங்கித் தயங்கி எழுந்ததைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "வலிச்சா எலும்பு உடையுதுன்னு நினைக்காதீங்கம்மா. அசையாமலே இருந்ததால முதுகுக்குப் பயம் புடிச்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா பழக்கிவிடுவோம்." அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்து முட்டிவரை குனியச் சொன்னார், பிறகு கணுக்கால்வரை. கடைசியில் தரையிலிருந்த செம்பை அம்மா தானே எடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் நான் கிளம்புவதற்குள் செண்பகவல்லியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார்.

இந்தப் பாடங்களைத் தமிழில், நம் வீட்டுத் திண்ணையையும் கிணற்றடியையும் காட்டி, போனைச் செருகும் மலிவான ஹெட்செட்டில் யாராவது செய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

அதுவரை, போகிறவர்களுக்கு: காலில் பலம் குறைவது, மலம் சிறுநீர் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி ஸ்கேனுக்கு முன்பே நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுங்கள். முதல் நாளே அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.