விலாங்கின் விந்தணுவை அளக்கும் கருவி: ஒரு பருவம் பயன்படுத்திய அனுபவம்

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண் விலாங்குக்குப் பதினேழு வாரங்கள், வாரம் தவறாமல், சால்மன் மீனின் பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) சாற்றை ஊசியில் ஏற்றினோம். வயிறு உப்பி, உடல் எடை ஏறி, நள்ளிரவு தாண்டி அவள் முட்டை கொடுத்தாள். ஆணின் விந்தைக் கலந்தோம். விடிந்ததும் பார்த்தால் அத்தனை முட்டைகளும் வெளுத்துத் தொட்டியின் அடியில் கிடந்தன. “முட்டை சரியில்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆணின் மேல் சந்தேகமே வரவில்லை. நுண்ணோக்கியில் பார்த்து, “நன்றாக ஓடுகிறது” என்று சொன்னவனே நான்தானே.

மூன்று வாரம் கழித்து இந்தக் கருவி வந்தது. முதல் வேலையாக அதே ஆணைத்தான் எடுத்துப் பார்த்தேன். நூறு விந்தணுவில் இருபதுகூட ஓடவில்லை. முட்டை எடுத்த இரவிலும் அப்படித்தான் இருந்ததா என்று சொல்ல இனி வழியில்லை. ஆனால் அன்று முதல், எண்ணைப் பார்க்காமல் எந்த ஆணையும் முட்டைக்குப் பக்கத்தில் விடுவதில்லை.

நான் பேசுவது கணினி வழியாக விந்தணுவின் ஓட்டத்தை அளக்கும் கருவி. ஒரு நுண்ணோக்கி, அதன் தலையில் ஒரு வேகக் கேமரா, பக்கத்தில் ஒரு மென்பொருள், இவ்வளவுதான். கேமரா நொடிக்கு 60 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் விந்தணுவின் தலை எங்கே இருக்கிறது என்று மென்பொருள் குறித்துக்கொண்டு, புள்ளிகளைக் கோர்த்துப் பாதை வரைகிறது. நூற்றுக்கு எத்தனை ஓடுகின்றன, வளைந்து ஓடும் வேகம் என்ன, நேர்கோட்டில் முன்னேறும் வேகம் என்ன என்று சில நொடிகளில் திரையில் வந்துவிடுகிறது.

விலாங்கு வளர்ப்பில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். விலாங்கு தொட்டியில் தானாகப் பருவமடைவதில்லை. மூளையில் சுரக்கும் டோபமைன், பிட்யூட்டரியைத் தடுத்து வைத்திருக்கிறது. கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்திப் போகும்போது அந்தப் பூட்டு எப்படியோ திறக்கிறது. தொட்டியில் நாம்தான் ஊசியால் திறக்க வேண்டும். ஆணுக்கு எச்.சி.ஜி. என்னும் கர்ப்பகால ஹார்மோன், உடல் எடையில் கிராமுக்கு 1.5 யூனிட், வாரம் ஒரு முறை. நூறு கிராம் விலாங்குக்கு 150 யூனிட். பிரெஞ்சு விஞ்ஞானி மொரீஸ் ஃபான்டேன் 1936-லேயே கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு ஆண் விலாங்கை முழுமையாக முதிர வைத்துக் காட்டினார். இன்று நாங்கள் செய்வதற்கு வேர் அதுதான். பெண்ணைவிட ஆண் எளிது என்பதால் ஆணைப் பற்றிய கவலை எல்லோருக்கும் குறைந்துபோனது. விந்து வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆனால் விந்து வருவது வேறு, விந்தணு ஓடுவது வேறு. இந்தக் கருவி எனக்கு உறைக்கும்படி காட்டியது அதைத்தான். நான்காவது ஐந்தாவது வாரத்திலேயே சில ஆண்கள் வெள்ளையாக, கெட்டியாக, பார்க்க அருமையான விந்தைக் கொடுத்துவிடும். அதைக் கருவியில் வைத்தால் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். எங்கள் தொட்டியில் எட்டாவது வாரத்துக்கு மேல்தான் திரை நிறையக் கோடுகள் வந்தன. நிறத்தையும் அளவையும் பார்த்து முடிவெடுத்த காலத்தில் ஐந்தாவது வார விந்தை எத்தனை முட்டைகளில் ஊற்றியிருப்பேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விலாங்கின் விந்தணுவை ஒரு முறையாவது திரையில் பார்க்க வேண்டும். தலை பெரும்பாலான மீன்களுடையதைப் போல உருண்டையாக இருக்காது. பிறை போல வளைந்திருக்கும். விந்துக்குள் இருக்கும்வரை அசையாது. கடல்நீர் பட்டவுடன், அதன் உப்பின் அழுத்தத்தில்தான் விழித்துக்கொள்ளும். விந்தை முதலில் அதன் உப்புக்கு ஈடான கரைசலில் 25 மடங்கு நீர்க்க வைத்து, அதில் ஒரு மைக்ரோலிட்டரை எடுத்து, நான்கு மைக்ரோலிட்டர் கடல்நீரைச் சேர்க்கிறோம். அடுத்த கணமே திரை கொதிக்கிறது. 15-வது நொடியில் அளவு எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்த காலத்தில், நான் தகட்டைச் சரிசெய்து குவியம் பிடிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். என்னுடன் வேலை செய்பவர் அறுபது என்பார், நான் எண்பது என்பேன். இருவருமே மனசாட்சிப்படிதான் சொல்வோம். இப்போது காணொளி பதிவாகிவிடுகிறது. மறுநாள் காலையில் தெளிந்த கண்ணோடு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கருவியை வாங்கலாம்.

இனி குறைகள். இவற்றை விற்பனையாளர் யாரும் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் குறை, தகடு வைக்கும் மேடை. அது சூடாக்க மட்டுமே தெரிந்த மேடை; குளிரவைக்கத் தெரியாது. பாலூட்டிகளுக்காகச் செய்யப்பட்டதால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 37 டிகிரியில் நின்றது. எங்கள் விலாங்குகள் 20 டிகிரித் தண்ணீரில் இருக்கின்றன. முதல் நாள் இதைக் கவனிக்காமல் அளந்த ஆறு ஆண்களின் கணக்கையும் அடித்துவிட வேண்டியதாயிற்று. இப்போது மேடையின் சூட்டை முழுவதும் அணைத்துவிட்டு, தகடு, கடல்நீர், பிப்பெட் முனை மூன்றையும் 20 டிகிரியில் வைத்திருந்து எடுக்கிறோம். வாங்குமுன் “குளிரவைக்கும் மேடை உண்டா” என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இரண்டாவது, மென்பொருளின் அமைப்புகள். தலையின் அளவுக்கு என்று ஒரு மேல்வரம்பும் கீழ்வரம்பும் இருக்கின்றன. உருண்டைத் தலைக்கு வைத்த வரம்பு பிறைத் தலைக்குப் பொருந்தவில்லை. பாதி விந்தணுக்களைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டது. நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையும் 25 என்று இருந்தது. அப்படி வைத்தால் வளைந்து போன பாதையைக் குறுக்கே வெட்டிக் கணக்கிடும். வேகம் குறைவாகத்தான் வரும். 60-க்கு மாற்றிய பிறகே எண்கள் நம்பும்படி ஆயின.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாளானது. தகட்டில் துளி சற்று ஓரமாக வழிந்தால் நீரே நகரும். அதோடு சேர்ந்து செத்த விந்தணுவும் நகரும். நகர்வதை எல்லாம் கருவி ஓட்டம் என்றே எண்ணிவிடும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பார்களே, அந்த எண்ணும் அப்படித்தான்: ஓட்டம் எழுபது என்று காட்டியது, உண்மையில் உயிரோடு இருந்தது சொற்பம். கோடுகள் எல்லாம் ஒரே திசையில் இணையாகப் போனால் அது நீரோட்டம் என்று இப்போது கண் பழகிவிட்டது. 10 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள எண்ணும் தகட்டுக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

இதற்கு நேர் எதிராக, நல்ல விந்தையும் மோசம் என்று காட்டும் ஒரு வழி உண்டு. கடல்நீரை அப்படியே சேர்த்தால் விந்தணுவின் தலை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வால் மட்டும் துடிக்கும். கருவிக்கு அது ஓடாத விந்தணு. கடல்நீரில் நூற்றுக்கு 2 பங்கு மாட்டு ஆல்புமின் (மாட்டு ரத்தப் புரதம்) கலந்து, அமில-கார அளவை (pH) 8.2-ல் வைத்தால் ஒட்டாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறைகளைத் திருத்திய பிறகுதான் கருவி எங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. மூன்றாம் தொட்டியில் இரண்டு ஆண்கள் ஏழாவது வாரம் நன்றாக இருந்து, எட்டாவது வாரம் விழுந்துவிட்டன. ஹார்மோன் கெட்டுவிட்டதோ என்று பயந்தோம். அதே புட்டியிலிருந்து ஊசி வாங்கிய மற்றவை நன்றாகவே இருந்தன. பிறகு, விந்து எடுத்த விதத்தைப் பார்த்தோம். ஊசி போட்டு ஒரு நாள் கழித்து, விலாங்கை மயக்கி, ஈரத் துணியில் கிடத்தி, வயிற்றை மெல்ல நீவ வேண்டும். அதற்கு முன் துவாரத்தைச் சுற்றி நன்னீரால் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். முதலில் வரும் துளியைத் துடைத்து எறிந்துவிட்டு அடுத்ததைத்தான் குழாயில் பிடிக்க வேண்டும். அன்று அவசரத்தில் முதல் துளியையே பிடித்திருந்தோம். அதில் சிறுநீர் கலந்திருந்தது. அடுத்த வாரம் ஒழுங்காக எடுத்தபோது இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. கெட்டது ஆண் அல்ல, எங்கள் கை. கருவி இல்லாவிட்டால் அவ்விரண்டையும் கழித்துக் கட்டியிருப்போம்.

தண்ணீரின் வெப்பமும் அப்படித்தான். ஒரு தொட்டியைக் குளிர்ச்சியில் தொடங்கி மெல்ல மெல்ல 20-க்கு ஏற்றினோம். இன்னொன்றை முதல் வாரத்திலிருந்தே 20-ல் வைத்தோம். குளிர்ந்த தொட்டியின் ஆண்கள் பல வாரம் பின்தங்கின. குளிரில் விந்தணுவின் தாய்ச்செல்கள் பெருகினாலும் அதற்கு அடுத்த படிக்குப் போகாமல் நின்றுவிடும் என்பதைப் படித்திருக்கிறேன். திரையில் வாரா வாரம் வெறுமையைப் பார்த்தபோதுதான் அது மனதில் பதிந்தது.

இந்தக் கருவி சொல்லாததும் உண்டு. ஓட்டம் தெரியும், விந்தணுவுக்குள் மரபுப்பொருள் சிதைந்திருந்தால் தெரியாது. மாதக்கணக்கில் கொடுத்த தீனியில் இருந்த கொழுப்பு அமிலங்களின் பங்கு தெரியாது. முதிர்ச்சிக் காலத்தில் விலாங்கு உண்பதில்லை. ஊசிக்கு முன் உண்டதுதான் விந்துக்குப் போகிறது. அதை அறிய வேறு சோதனை வேண்டும்.

பழுது ஒரு முறை வந்தது: கேமராவின் இணைப்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்துவிட்டது. விற்றவர்கள் புதியது அனுப்ப ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வாரப் பருவத்தில் ஐந்து வாரம் என்பது கிட்டத்தட்ட பாதி. உதிரிக் கம்பி ஒன்றைக் கருவியோடு சேர்த்தே வாங்கி, கருவியைத் தொட்டி அறையில் வைக்காமல் தனி அறையில் வையுங்கள்.

வாரம் பத்து ஆண்களுக்கு மேல் பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இரண்டு மூன்று ஆண்களை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நல்ல நுண்ணோக்கியும், ஆல்புமின் கலந்த கடல்நீரும், ஒரு சாதாரணக் கேமராவும் போதும். காணொளியை மெதுவாக ஓட்டி ஒவ்வொன்றாக எண்ணலாம், ஒரு மாதிரிக்கு அரை மணி நேரம் ஆகும். எங்களிடம் இப்போது ஒன்பதாவது வாரம் நடக்கிறது. நாளை இரவு ஒரு பெண்ணுக்குக் கடைசி ஊசி. அவளுக்காக நான்கு ஆண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். நான்கின் காணொளியையும் இன்று மதியம் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.