கொக்கி மாட்ட முடியாத விரல்களுக்கு ஏற்ற தையல் கடை, சுங்கை சிப்புட்

முடக்குவாதம் உள்ள பெண்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்தால், பழைய கடை வரிசையில் மேல்மாடியில் இருக்கும் இந்தத் தையல் கடைக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

எனக்கு இருக்கும் முடக்குவாதம் வயசானால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குகிற வியாதி. காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வீக்கத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் ரவிக்கைக் கொக்கி மாட்ட மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்ததே, அதற்கு மாத்திரை ஏது? அவள் முகம் சுளித்ததே இல்லை. எனக்குத்தான் கூசிக் குறுகிப்போகும். கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் மிஸி (நர்ஸ்) ஒரு கேள்வித்தாளை நீட்டி, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா என்று கேட்டபோது அழுதுவிட்டேன். இந்த வியாதிக்காரர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வரும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கவுன்சலிங் போகிறேன், பலன் இருக்கிறது. அதோடு இந்தக் கடையும் சேர்ந்துகொண்டது.

தைக்கிற பெண் முதலில் அளவு நாடாவை எடுக்கவில்லை. "ஆன்ட்டி, கை எப்போ ரொம்ப இறுக்கமா இருக்கும்? அந்த நேரத்துல வாங்க" என்றார். காலையிலேயே போனேன். ஒரு துணியைக் கையில் கொடுத்து, எந்த இரண்டு விரலால் பிடிக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். பின்பக்கக் கொக்கியை முன்னால் கொண்டுவந்து, உள்ளே ஒட்டிப் பிரிக்கிற வெல்குரோ பட்டை வைத்தார். நீளப் பட்டையாக வைத்தால் பிரிக்க பலம் வேண்டும் என்று சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இடைவெளி விட்டுத் தைத்தார். மேலே பழைய கொக்கி வரிசை அப்படியே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பாவாடை நாடாவுக்கும் பஞ்சாபி சூட் நாடாவுக்கும் பதில் எலாஸ்டிக். கைப்பை ஜிப்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துணி வளையம், அதற்குக் காசே வாங்கவில்லை.

ரவிக்கைக்கு 15 வெள்ளி. காந்தப் பட்டன் வேண்டுமென்றால் கூடுதல். ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை வைப்பார். பேஸ்மேக்கருக்குக் காந்தம் ஆகாது.

குறை என்றால் அந்தப் படிக்கட்டு. கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டி வீங்கிய நாளில் ஏறவே முடியாது. துணி கொடுக்க, வாங்க மட்டும் என்றால் கீழிருந்து போன் போட்டால் இறங்கி வருவார். இன்னொன்று, பட்டுச் சேலை முந்தானை வெல்குரோவில் மாட்டினால் நூல் இழுக்கும். ரவிக்கையை முழுதாக ஒட்டிய பிறகு சேலை கட்டுங்கள், துவைக்கும்போதும் ஒட்டியே போடுங்கள்.

இந்தத் தைப்பூசத்துக்கு நானே உடுத்திக்கொண்டு கிளம்பினேன். மருமகளுக்கு முன்னால் நான் ரெடி! தீபாவளி நெருங்கினால் கடையில் புது வேலை எடுக்க மாட்டார்கள், அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.